ஜீவனாம்சத்துக்கு எந்த மனு போடுவது? பிரிந்து நிற்கும் பெண்ணுக்கு முன்னால் உள்ள வழிகள்

போன ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. எங்கள் வட்டச் சட்டப்பணிகள் குழுவின் உதவி மேசைக்கு முன்னால் ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். முப்பது வயது இருக்கும். மடியில் நான்கு வயதுப் பையன், பக்கத்தில் பள்ளிச் சீருடையோடு மகள். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனி டெய்லர். தைப் பொங்கலுக்கு அம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டவர் திரும்ப அழைத்துப் போகவில்லை, ஒரு ரூபாய்கூட அனுப்பவும் இல்லை. மாமா ஒருவர் "டைவர்ஸ் போட்டுடு" என்கிறார். சித்தி "மகளிர் ஸ்டேஷனுக்குப் போ" என்கிறார். ஊர்ப் பெரியவர் "இன்னும் கொஞ்சம் பொறும்மா, பேசிப் பார்ப்போம்" என்கிறார். "எதைப் போடட்டும்க்கா?" என்று கேட்டார்.

நான் வக்கீல் இல்லை. சட்டப்பணிகள் குழுவில் தன்னார்வலராக இருக்கிறேன். மனு எழுத வைப்பது, எந்த அலுவலகத்துக்கு எதைக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்வது, பயந்து வருகிறவர்களுக்குத் துணையாக நடுவர் நீதிமன்ற வாசல்வரை போவது என் வேலை. இந்தக் கேள்வியை வாராவாரம் கேட்கிறேன். இத்தனை வருடத்தில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். இந்தக் கல்யாணம் நீடிக்குமா, முறியுமா என்பதை முதலில் முடிவுசெய்ய வேண்டியதில்லை. அதற்கு ஒரு வருடம் ஆனாலும் ஆகட்டும். இந்த மாதம் உங்களுக்கு எது இல்லாமல் முடியாது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சாப்பாட்டுக்கும் ஃபீஸுக்கும் பணமா, தலைக்கு மேல் கூரையா, அடி விழாமல் இருக்கும் பாதுகாப்பா, ஒரேயடியாக முடித்துக்கொள்வதா? ஒவ்வொன்றுக்கும் மனு வேறு, நீதிமன்றமும் வேறாகலாம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்து கணக்காக வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. உத்தரவு இரண்டு வருடம் கழித்து வந்தாலும் பணம் மனு தேதியிலிருந்து ஓடும். அப்படியானால் தை முதல் ஆடி வரை "பொறும்மா" என்று பொறுத்த மாதங்களுக்கு? அந்தப் பெண்ணுக்கு அவை போனது போனதுதான். பேச்சுவார்த்தையை நான் வேண்டாம் என்று சொல்வதில்லை. மனுவைப் போட்டுவிட்டுப் பேசுங்கள் என்கிறேன்.

பணம்தான் அவசரம் என்றால்: 144

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு என்று ஊரெல்லாம் தெரிந்த மனு இது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாக மாறியிருக்கிறது. நீதிமன்றத்தில் 'எம்.சி.' (மெயின்டனன்ஸ் கேஸ்) என்பார்கள். குடும்பநல நீதிமன்றம் இருக்கும் ஊரில் அங்கே, இல்லாத ஊரில் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில்.

இதன் பெரிய பலம், மதம் பார்க்காது. இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் யாரானாலும் ஒரே மனு. ஷா பானு வழக்கில் 1985லேயே சொல்லப்பட்டு, பிறகு விவாகரத்தான முஸ்லிம் பெண்களுக்கென்று வந்த 1986 சட்டத்தால் குழம்பிய விஷயத்தை, 2024 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி உறுதிசெய்தது. விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் இந்தப் பிரிவின் கீழ் கேட்கலாம். விவாகரத்தான எந்தப் பெண்ணும் மறுமணம் செய்யாதவரை கேட்கலாம்.

நிரூபிக்க வேண்டியதும் குறைவு. கணவருக்கு வசதி இருக்கிறது, அவர் கவனிக்காமல் விட்டார் அல்லது மறுத்தார், எனக்குப் போதிய வருமானம் இல்லை. அவ்வளவுதான். அடித்தார் என்று காட்டத் தேவையில்லை. கல்யாணத்தைப் பதிவு செய்யவில்லையே என்று பல பெண்கள் தயங்கி நிற்கிறார்கள். பத்திரிகை, போட்டோ, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் போதும். "நான் தையல் மிஷின் ஓட்டுகிறேனே, எனக்குக் கொடுப்பார்களா?" என்றும் கேட்பார்கள். கொடுப்பார்கள். மனைவி பிச்சை எடுக்கும் நிலையில் இருந்தால்தான் கேட்க முடியும் என்பதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2008இலேயே சொல்லிவிட்டது. படித்திருக்கிறாள், சம்பாதிக்க முடியும் என்பதும் உண்மையில் சம்பாதிக்கிறாள் என்பதும் ஒன்றல்ல என்பதும் அதே நீதிமன்றம் சொன்னதுதான்.

எங்கே போடுவது என்பதிலும் பெண்ணுக்குச் சாதகம் இருக்கிறது. நீங்கள் இப்போது இருக்கும் ஊரிலேயே போடலாம். திருப்பூருக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை, அவர்தான் இங்கே வர வேண்டும்.

இடைக்கால ஜீவனாம்ச மனுவை, நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து கூடுமானவரை 60 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். 'நோட்டீஸ் கிடைத்த நாள்' என்பதைக் கவனியுங்கள். விலாசம் தப்பாக இருந்தால் நோட்டீஸ் திரும்பிவரும், 60 நாள் தொடங்கவே தொடங்காது. நான் பார்த்த தாமதங்களில் பாதி இப்படி வந்தவைதான். அவர் தங்கியிருக்கும் லைன் வீட்டின் கதவு எண், வேலை பார்க்கும் கம்பெனியின் பெயர், சொந்த ஊர் விலாசம் மூன்றையும் மனுவில் எழுதுங்கள்.

குறைகளும் உண்டு. பணம் மட்டும்தான் கிடைக்கும். நகை திரும்பாது, வீடு கிடைக்காது, பிள்ளைகளை யார் வைத்துக்கொள்வது என்பதும் இதில் வராது. "நான் அவளைக் கூப்பிடுகிறேன், அவள்தான் வரமாட்டேன் என்கிறாள்" என்று கணவர் சொல்லுவார். இதைக் கேட்டு மிரண்டுபோகிறவர்கள் அதிகம். வர மறுப்பதற்குத் தக்க காரணம் இருந்தால் ஜீவனாம்சம் உண்டு. அவர் வேறு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டாலோ சேர்த்து வைத்துக்கொண்டாலோ அதுவே தக்க காரணம் என்று பிரிவிலேயே எழுதியிருக்கிறது. சேர்ந்து வாழச் சொல்லி அவர் தீர்ப்பே வாங்கி வைத்திருந்தாலும், போகாததற்கு மனைவியிடம் நியாயமான காரணம் இருந்தால் பணத்தை மறுக்க முடியாது என்று 2025 ஜனவரியில் தீர்ப்பு வந்திருக்கிறது. ஆனால் "இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழ்கிறோம்" என்று எங்காவது எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அதை எதிர்த்தரப்பு இந்த மனுவுக்கு எதிராகத் தூக்கிக்கொண்டு வரும். பஞ்சாயத்தில் நீட்டும் தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள் என்று நான் கெஞ்சுவது இதற்காகத்தான்.

கூரையோ பாதுகாப்போ வேண்டுமென்றால்: குடும்ப வன்முறைச் சட்டம்

2005இல் இயற்றி 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம். பெயரைக் கேட்டதும் "என்னை அவர் அடிக்கவில்லையே" என்று எழுந்துபோய்விடுகிறார்கள். அடி மட்டும் வன்முறை அல்ல. வீட்டுச் செலவுக்குக் காசு தராமல் நிறுத்துவதும், நகையைப் பிடுங்கி அடகு வைப்பதும், ஓயாமல் கேவலமாகப் பேசுவதும் இந்தச் சட்டத்தில் வன்முறைதான். பொருளாதார வன்முறை என்று தனியாகவே எழுதியிருக்கிறது.

ஒரே மனுவில் எத்தனை கேட்கலாம் என்று பார்த்தால் இதற்கு ஈடு இல்லை. அருகில் வராதே என்ற பாதுகாப்பு உத்தரவு, புகுந்த வீட்டிலேயே இருக்கும் உரிமை அல்லது அதற்குப் பதிலாக வாடகை, மாதப் பணம், மருத்துவச் செலவு, சீர்வரிசையும் நகையும் திரும்பப் பெறுதல், பிள்ளைகளைத் தற்காலிகமாகத் தன்னிடம் வைத்துக்கொள்ளுதல், நஷ்டஈடு. அவசரமென்றால் எதிர்த்தரப்பைக் கேட்காமலேயே பிரமாணப் பத்திரத்தை வைத்து இடைக்கால உத்தரவு போட நடுவருக்கு அதிகாரம் உண்டு. மாமியார், நாத்தனார் மேலும் கேட்கலாம். கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்ந்த பெண்ணும், மகன் வீட்டில் துன்பப்படும் தாயும்கூட இந்த வாசலுக்கு வரலாம்.

வீடு விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். "இது என் பெயரில் உள்ள வீடு, மகன் வீடு இல்லை, நீ வெளியே போ" என்று மாமனார் சொல்வது பழைய கதை. 2006இல் வந்த ஒரு தீர்ப்பு அவருக்குச் சாதகமாக இருந்தது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதைத் தவறென்று சொல்லி மாற்றியது. மாமனார் பெயரில் இருந்தாலும், குடும்பமாக வாழ்ந்த வீடென்றால் மருமகளுக்கு அங்கே இருக்கும் உரிமை உண்டு. சொந்தம் கொண்டாடும் உரிமை அல்ல, இருக்கும் உரிமை. மூத்த குடிமக்கள் சட்டத்தில் வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) மனுக் கொடுத்து மருமகளை வெளியேற்றப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். வயதானவர்களின் கஷ்டம் உண்மையாகவே இருக்கும் வீடுகளும் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மருமகளின் குடியிருப்பு உரிமையை ஒழிப்பதற்காகவே அந்தச் சட்டத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று அதே ஆண்டு டிசம்பரில் தீர்ப்பு வந்தது.

போக வேண்டிய இடம் மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர். அவர் நடந்ததை எழுதிக் குடும்ப நிகழ்வு அறிக்கை தயாரித்து நடுவருக்கு அனுப்புவார். செலவு கிடையாது. அவர் மூலமாகத்தான் போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, நேரடியாகவே மனுப் போடலாம். வன்முறை நடந்து ஒரு வருடம் தாண்டிவிட்டதே என்றும் பயப்பட வேண்டாம். ஒரு வருடக் காலக்கெடு இந்த மனுவுக்குப் பொருந்தாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

முதல் விசாரணை மூன்று நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்று சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் அப்படி நடப்பதில்லை என்பதை மறைத்தால் உங்களுக்கு நான் துரோகம் செய்தவள் ஆவேன். வாய்தா மேல் வாய்தா வரும். அதோடு, 144இல் கவனிக்காமல் விட்டதைக் காட்டினால் போதும். இங்கே வன்முறை நடந்ததை முதல் பார்வையிலாவது காட்ட வேண்டும், எதிர்த்தரப்பும் அதே அளவுக்குச் சண்டை போடும். அதனால் அடியும் இல்லை, நகையும் கையில் இருக்கிறது, அந்த வீட்டுக்குத் திரும்பவும் விருப்பமில்லை, மாதப் பணம் மட்டும் போதும் என்கிறவருக்கு நான் இதை முதலில் சொல்வதில்லை. அடி விழும் வீடென்றால் இதைத் தவிர வேறு எதையும் முதலில் சொல்வதில்லை. பெண்கள் உதவி எண்ணான 181ஐ அந்த இடத்திலேயே போனில் பதியவைத்துத்தான் அனுப்புவேன்.

விவாகரத்து மனுவோடு சேர்த்துக் கேட்பது

இந்து திருமணச் சட்டத்தின் 24ஆம் பிரிவில், வழக்கு நடக்கும் காலத்துக்கு ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்கலாம். 25இல் நிரந்தர ஜீவனாம்சம். கிறிஸ்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்திலும், பதிவுத் திருமணம் செய்தவர்களுக்குச் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் இதற்கு ஈடான பிரிவுகள் உண்டு. கணவர் முந்திக்கொண்டு விவாகரத்து மனு போட்டுவிட்டார் என்றால் இது நல்ல வழி. அவர் போட்ட வழக்குக்கு நீங்கள் போய்வரும் செலவை அவரிடமே கேட்கலாம். தூரத்து ஊரில் போட்டிருந்தால் உங்கள் ஊருக்கு மாற்றித்தர உயர் நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

ஆனால் 24 என்பது மூல வழக்கில் தொங்கிக்கொண்டிருக்கும் பணம். அவர் மனுவை வாபஸ் வாங்கினால் அதுவும் அங்கேயே நின்றுவிடும். பணத்துக்காக மட்டும், விருப்பமில்லாத விவாகரத்து மனுவைப் போடச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். கொடுமை, கைவிட்டுப்போதல் என்று காரணத்தை நிரூபிக்க வேண்டிய வழக்கு வருடக்கணக்கில் போகும்.

இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் 1956இன் கீழும் சிவில் வழக்குப் போடலாம். மெதுவான வழி. கணவர் பெயரில் நிலம் இருந்து அதை விற்கப் பார்க்கிறார் என்றால் மட்டும் அதன் அருமை தெரியும், ஏனென்றால் அந்த நிலத்தின் மேலேயே ஜீவனாம்சப் பொறுப்பை ஏற்றிவைக்கக் கேட்கலாம். பதினெட்டு தாண்டிய, கல்யாணமாகாத மகளுக்குக் கேட்கவும் இதுதான் சட்டம்.

ஒத்துப் பேசி முடிப்பது

பரஸ்பர சம்மத விவாகரத்து. ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும், முதல் மனுவுக்குப் பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். சேர வாய்ப்பே இல்லை, பணம், பிள்ளை எல்லாம் பேசி முடிந்துவிட்டது என்றால் அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் தீர்ப்பு. எல்லா வழிகளிலும் இதுதான் சீக்கிரம். மனம் ஆறுவதும் இதில்தான் அதிகம் என்பது நான் பார்த்தது.

மாதாமாதம் வாங்குவதா, மொத்தமாக வாங்குவதா என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. அரசு ஊழியரோ நிலையான கம்பெனிச் சம்பளக்காரரோ என்றால் மாதப் பணம் நல்லது. சம்பளத்திலிருந்தே பிடித்துத்தர உத்தரவு கேட்கலாம், குடும்ப வன்முறைச் சட்டத்தில் அதற்கு நேரான பிரிவு இருக்கிறது. பிள்ளைகள் வளர வளரத் தொகையைக் கூட்டிக் கேட்கவும் முடியும். பீஸ் ரேட்டில் சனிக்கிழமைக் கூலி வாங்குகிறவர், கம்பெனி மாறிக்கொண்டே இருப்பவர் என்றால் மாதம் ஐயாயிரம் என்ற உத்தரவைவிடக் கையில் வரும் ஒரு தொகை மேல். தொகை குறைவாகத் தெரிந்தாலும் அது வசூலான பணம்.

ஆனால் கடைசிக் கையெழுத்துக்கு முன்னால் பணம் உங்கள் கணக்கில் ஏறியிருக்க வேண்டும். டிகிரி (நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பாணை) ஆகும்வரை இருவரில் யாரும் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம், அதனால் தவணையைப் பிரித்து வையுங்கள்: முதல் மனுவில் ஒரு பாதி, இரண்டாவதில் மறுபாதி. பிள்ளைகளின் பணத்தைத் தனி வைப்புநிதியாகப் போடச் சொல்லுங்கள். "இனி எதுவும் கேட்கமாட்டேன்" என்று நீங்கள் எழுதிக்கொடுப்பது உங்களைக் கட்டலாம். பிள்ளைகளின் பங்கை அம்மா எழுதிக்கொடுத்துவிட முடியாது. லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) முடிந்தால் அதற்கு மேல்முறையீடு கிடையாது, அதனால் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

பத்திரத்தாளில் ஊர் கூடி எழுதும் 'விடுதலை' இதன் இடத்துக்கு வராது. அந்தச் சமூகத்தில் அப்படியொரு வழக்கம் காலங்காலமாக உண்டு என்று நிரூபித்தால்தான் அது செல்லும், மற்றபடி கல்யாணம் அப்படியே நிற்கிறது. அதை நம்பி மறுமணம் செய்து சிக்கலில் மாட்டிய ஆண்களும் பெண்களும் எங்கள் மேசைக்கு வந்திருக்கிறார்கள்.

மகளிர் காவல் நிலையம் பற்றி ஒரு வார்த்தை. 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கிய இந்த நிலையங்கள் அடி, மிரட்டல், வரதட்சணைக் கொடுமைக்குப் போக வேண்டிய இடம். அங்கே ஜீவனாம்சம் தீர்மானிக்க முடியாது. இருவரையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். புகார் கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள், பின்னால் எந்த மனுவிலும் அந்தத் தாள் பேசும்.

இரண்டைச் சேர்த்துப் போடலாமா?

போடலாம். 144ம் குடும்ப வன்முறை மனுவும் ஒரே சமயத்தில் நடக்கலாம். ஆனால் ஒன்றில் வந்த உத்தரவை இன்னொன்றில் மறைக்கக் கூடாது, தொகை ஒன்றுக்கொன்று கழிக்கப்படும். ரஜ்னேஷ் – நேஹா தீர்ப்பு இதையும் சொல்கிறது. இரண்டு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்பதும் அதில் வந்ததுதான். இது பெண்களுக்குப் பெரிய ஆயுதம். அவர் "கூலி வேலை, மாதம் எட்டாயிரம்" என்று எழுதினால், பைக் தவணை, இ.எஸ்.ஐ. எண், பி.எஃப்., கூகுள் பே வரவு என்று நீங்கள் எடுத்துக் காட்டலாம். தொகைக்குச் சட்டத்தில் சூத்திரம் இல்லை. 2017இல் ஒரு வழக்கில் கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் மனைவிக்கு நியாயம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதை வக்கீல்கள் காட்டுவதுண்டு, பிள்ளைகளுக்குத் தனியாகக் கேட்பார்கள்.

எத்தனை மனு என்று முடிவுசெய்யும்போது வாய்தாவையும் எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் கூலி, பஸ் காசு, பிள்ளையை யாரிடமாவது விட்டுவரும் சங்கடம். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவு இருந்தாலும், 1987 சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு. சட்ட உதவி எண்ணான 15100க்குக் கூப்பிடலாம், நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் அலுவலகத்துக்கு நேராகவும் போகலாம்.

ஆடியில் வந்த அந்தப் பெண்ணின் எட்டுப் பவுன் நகை பற்றி அரைமணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது. மாமியார் வாங்கி அடகு வைத்திருக்கிறார். அந்த வீட்டுக்குத் திரும்ப அவருக்கு விருப்பமில்லை, விவாகரத்து பற்றி இப்போது யோசிக்கவும் முடியவில்லை என்றார். அதே வாரம் அவருக்கும் இரண்டு பிள்ளைகளுக்குமாக 144இல் மனு. நகைக்காகப் பாதுகாப்பு அலுவலரிடம் தனியாக. இரண்டு நீதிமன்றம், இரண்டு வாய்தா என்று தெரிந்தேதான் ஒத்துக்கொண்டார்.

முதல் நோட்டீஸ் திரும்பி வந்தது. கம்பெனி விலாசத்துக்கு அனுப்பியது சேர்ந்தது. மார்கழியில் இடைக்கால உத்தரவு வந்தது: அவருக்கு மூவாயிரம், பிள்ளைகளுக்குத் தலா இரண்டாயிரம், ஆடியிலிருந்து. அந்த ஒரு வரியால் மட்டும் பழைய பாக்கி முப்பத்தைந்தாயிரம் கணக்கில் ஏறியது. தையும் மாசியும் ஏழாயிரம் அனுப்பியவர் பங்குனியில் நிறுத்திவிட்டார்.

இப்படி நிறுத்தினால் என்ன செய்வது என்பதை உத்தரவு வந்த அன்றே சொல்லியிருந்தேன். பாக்கிக்கு நிறைவேற்று மனு போட வேண்டும். வாரண்ட் வரும், பாக்கி நின்ற மாதத்துக்கு ஒரு மாதம்வரை சிறைகூட உண்டு. சிறை போய்வந்தாலும் கடன் தீராது, பணம் கட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் ஒரு தொகை தரவேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போடாவிட்டால் அதற்கு வாரண்ட் வராது. மகளின் பழைய கணக்கு நோட்டில் மாதம், வந்த தேதி, தொகை என்று மூன்று கோடு போட்டு எழுதி வருகிறார். போன வாரம் அந்த நோட்டோடு வந்தார். பங்குனிக்கு எதிரே காலியாக இருந்தது. மனு எழுதியாகிவிட்டது, வைகாசி முதல் வாரம் வாய்தா.